எல்லை எங்கே தொடங்குகிறது?

சென்னையிலிருந்து அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்கு மேற்படிப்பிற்காகச் செல்லும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது பயணச்சீட்டில் மூன்று விமானங்கள் குறிக்கப்பட்டுள்ளன. முதலாவது சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு. இரண்டாவது அங்கிருந்து சிகாகோவுக்கு. மூன்றாவது சிகாகோவிலிருந்து அட்லாண்டாவுக்கு. இம்மாணவர் அமெரிக்க எல்லையை எவ்விடத்தில் கடக்கிறார் என்று கேட்டால், அட்லாண்டாவில் என்றே பலரும் விடை கூறுவர். பெட்டியில் கட்டப்படும் சீட்டிலும் அவ்வூரின் பெயரே இருக்கும். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர் எல்லையைக் கடப்பது சிகாகோவில். நடைமுறையின் பார்வையில் பார்த்தால் அவ்வெல்லை இன்னும் முன்னதாக, மீனம்பாக்கத்தில் விமான நிறுவனத்தின் முகப்பு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2024-ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் கல்வி பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 13 இலட்சத்துக்கும் மேற்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. இவர்களில் பெரும்பாலோர் ஒரே விமானத்தில் போய்ச் சேருவதில்லை. ஏதேனும் ஓர் இடைவழி விமான நிலையத்தில் மாறியே செல்கின்றனர். வங்கிக் கடனில் படிக்கச் செல்பவர் சில ஆயிரம் ரூபாய் குறைவாக உள்ள சீட்டைத் தேடுவது இயல்பு. குறைந்த கட்டணச் சீட்டு பெரும்பாலும் சுற்றுவழிச் சீட்டாகவே இருக்கும். சேருமிடத்து விசா முறையாக இருந்தும், வழியில் உள்ள நாட்டின் விதியை அறியாமையால் விமானம் ஏற இயலாமல் திரும்புவோர் உண்டு. வகுப்பு தொடங்கும் நாளுக்குள் வேறு சீட்டு கிடைக்காவிடில் ஒரு பருவமே கைநழுவிப் போகும். கடனுக்கான வட்டியோ நிற்பதில்லை.

முதல் நுழைவிடம்

விமானம் ஒரு நாட்டின் மண்ணில் முதன்முதலாக எங்கே இறங்குகிறதோ, அங்கேயே அந்நாட்டின் குடியேற்றச் சோதனை நடைபெறும். இதுவே பொது விதி. அங்கிருந்து மேற்கொள்ளும் அடுத்த பயணம் உள்நாட்டுப் பயணமாகவே கருதப்படும்.

அமெரிக்காவில் இவ்விதி மிகவும் கண்டிப்பானது. சிகாகோவில் இறங்கிய மாணவர் அங்கேயே அதிகாரி முன் நிற்க வேண்டும். தம் பெட்டிகளைப் பெற்றுச் சுங்கச் சோதனையைக் கடந்து, மீண்டும் அவற்றை ஒப்படைத்துவிட்டு உள்நாட்டு விமானத்துக்குச் செல்ல வேண்டும். பெட்டி கைக்கு வருவது குடியேற்றச் சோதனைக்குப் பிறகுதான். ஆகவே கல்லூரி வழங்கிய ஐ-20 படிவம், கட்டணம் செலுத்திய சான்று, பண வசதிக்கான ஆவணங்கள் ஆகியவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவர் சோதனை மேசையில் வெறுங்கையராக நிற்க நேரும். இது எளிய செய்தியே. ஆயினும் ஆண்டுதோறும் புதிதாகச் செல்வோருக்குச் சொல்லித் தீர வேண்டியதாக உள்ளது.

நாள் கணக்கும் இவ்விடத்தைக் கொண்டே அமைகிறது. எப்-1 விசா பெற்ற புதிய மாணவர் படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னதாக அந்நாட்டுக்குள் நுழைய இயலாது. படிப்பு ஆகஸ்ட் 20-இல் தொடங்குமானால், ஜூலை 21-க்கு முன் நுழைதல் கூடாது. இங்கு எண்ணப்படுவது முதல் நுழைவிடத்தில் கால் வைக்கும் நாளேயன்றி, கல்லூரி உள்ள ஊரை அடையும் நாளன்று.

விசா என்பது நுழைவுக்கான உறுதியன்று என்பதையும் மறத்தலாகாது. அது நுழைவிடம் வரை சென்று அனுமதி கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது. முடிவு செய்பவர் அங்குள்ள அதிகாரி. அமெரிக்காவில் 1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உரிய ஆவணம் இல்லையென்றோ, பொய்யான தகவல் தந்தாரென்றோ அதிகாரி கருதினால், நீதிபதியின் விசாரணை இன்றியே விரைவு வெளியேற்ற ஆணை பிறப்பிக்கலாம். அவ்வாணைக்கு உள்ளானவர் 5 ஆண்டுகள் அந்நாட்டுக்குள் நுழையத் தடை உண்டு. நுழைவு விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்ப அனுமதிக்குமாறு கேட்கலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பின், உறக்கமில்லாத கண்களுடன், அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரமே உள்ள நிலையில் இக்கேள்விகளுக்கு விடை கூற வேண்டியிருக்கிறது. மாற்று விமானத்துக்கு மூன்று மணி நேரமேனும் இடைவெளி உள்ள சீட்டை வாங்குமாறு அனுபவமுள்ளோர் கூறுவது இதனாலேயே.

கனடாவின் முறை சற்று வேறானது. இங்கிருந்து புறப்படும் மாணவரிடம் இருப்பது விசாவும் ஓர் அறிமுகக் கடிதமுமே. கல்வி அனுமதிச் சீட்டு முதல் நுழைவிடத்தில்தான் வழங்கப்படுகிறது. டொராண்டோ வழியாக ஹாலிபாக்ஸ் செல்பவர் டொராண்டோவிலேயே அதைக் கேட்டுப் பெறுவதுடன், பெயர், கல்லூரி, காலவரை ஆகியவை சரியாக உள்ளனவா என்று அங்கேயே படித்துப் பார்க்கவும் வேண்டும். ஹாலிபாக்ஸில் இறங்கும்போது அவர் உள்நாட்டுப் பயணி. அவருக்காக அங்கே எந்த அதிகாரியும் காத்திருப்பதில்லை.

இப்பொது விதிக்கு மாறாக, எல்லையை இன்னும் முன்னுக்கு நகர்த்திய ஏற்பாடும் ஒன்று உண்டு. அபுதாபி, டப்ளின் முதலிய சில வெளிநாட்டு விமான நிலையங்களில் அமெரிக்க அதிகாரிகளே அமர்ந்து குடியேற்றச் சோதனையை நடத்துகின்றனர். அபுதாபியில் இது 2014-இல் தொடங்கியது. அங்குச் சோதனை முடித்தவர் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல் இறங்குவார். அதாவது, அரபு மண்ணில் நின்றுகொண்டே அவர் அமெரிக்க எல்லையைக் கடந்து விடுகிறார்.

பல நாடுகளுக்கு ஓர் எல்லை

ஐரோப்பாவில் 29 நாடுகள் ஷெங்கன் ஏற்பாட்டின் கீழ் தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கியுள்ளன. ஆகவே விமானப் பயணத்தைப் பொறுத்தவரை அவை ஒரே நாட்டைப் போன்றவை. லிஸ்பனில் படிக்கச் செல்லும் மாணவர் பிராங்பர்ட்டில் விமானம் மாறினால், போர்த்துக்கல் வழங்கிய நீண்டகால விசாவைச் சோதிப்பவர் ஜெர்மானிய அதிகாரி. லிஸ்பனில் பாஸ்போர்ட்டைக் கேட்பார் எவரும் இலர். 2025 அக்டோபர் 12 முதல் அந்நாடுகளின் எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் கணினி முறை நடைமுறைக்கு வந்துள்ளது. குறுகிய காலத்துக்கு வருவோருக்கே அது உரியது. நீண்டகால விசா பெற்ற மாணவர் அதற்கு உட்பட்டவர் அல்லர்.

இந்த ஒற்றை எல்லை, ஐரோப்பாவைத் தாண்டிச் செல்வோருக்கு ஒரு பொறியாகவும் அமைகிறது. சென்னையிலிருந்து பிராங்பர்ட், அங்கிருந்து லிஸ்பன், பின்பு அமெரிக்கா என்று ஒருவர் சீட்டு வாங்கினால், பிராங்பர்ட்–லிஸ்பன் பயணம் ஷெங்கனுக்குள் நடக்கும் உள்நாட்டுப் பயணம். அதில் ஏற வேண்டுமானால் அவர் பிராங்பர்ட்டில் எல்லையைக் கடந்து உள்ளே வர வேண்டும். அதற்கு ஷெங்கன் விசா தேவை. அமெரிக்க விசா இதற்கு ஈடாகாது. டப்ளின் செல்பவர் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய இரண்டிலும் மாறினாலும் இதே நிலைதான்; அயர்லாந்து ஷெங்கன் ஏற்பாட்டில் சேராத நாடு. ஒரே ஐரோப்பிய நிலையத்தில் மாறினால் ஒரு விதி, இரண்டில் மாறினால் முற்றிலும் வேறொரு விதி. சீட்டு விற்கும் கணினித் தளங்கள் இதைப் பார்த்து எச்சரிப்பதில்லை. அவற்றுக்கு விலையும் நேரமுமே கணக்கு.

வெளியே வராமல் கடத்தல்

விமான நிலையத்துக்குள்ளேயே தங்கி அடுத்த விமானம் ஏறுவோரை எல்லைக்குள் வராதவராகக் கருதும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. துபாய், தோஹா முதலிய நிலையங்களில் ஒரே சீட்டில் செல்லும் இந்திய மாணவர் எவ்வித விசாவும் இன்றி மாறிச் செல்கிறார். அமெரிக்காவில் இத்தகைய பகுதியே இல்லை. சென்னையிலிருந்து நியூவார்க் வழியாக டொராண்டோ செல்பவர், நியூவார்க்கில் இரண்டு மணி நேரமே இருப்பவராயினும், அமெரிக்காவுக்குள் நுழைபவரே ஆவார்; சி-1 எனப்படும் இடைப்பயண விசாவோ வேறு தகுந்த விசாவோ அவருக்கு வேண்டும். விசா இன்றி மாறிச் செல்ல முன்பு இருந்த சலுகை 2003 ஆகஸ்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. கனடா வழியாக அமெரிக்கா செல்லும் இந்தியருக்கும் கனடாவின் இடைப்பயண விசா தேவை. அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பிக்கக் காலம் வேண்டும்.

பிரிட்டன் இடைவழியில் நிற்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வராத இந்தியருக்கும் அங்கு இடைப்பயண விசா வேண்டும் என்பதே விதி. ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் செல்லத்தக்க விசா உள்ளவருக்கு விலக்கு உண்டு. வேறொரு நாட்டுக்குப் படிக்கச் செல்பவர் நண்பரின் அனுபவத்தை நம்பி ஹீத்ரோ வழியாகச் சீட்டு வாங்குவது இங்குதான் இடறுகிறது. நண்பர் அமெரிக்கா சென்றவர். அவருக்கு இருந்த விலக்கு இவருக்கும் இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா ஒழுங்குமுறையில் 12 நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று உள்ளது. அந்நாட்டவர் ஷெங்கன் விமான நிலையங்களில் வெளியே வராமல் மாறிச் செல்வதற்கும் விசா பெற வேண்டும். இலங்கை அப்பட்டியலில் உள்ளது, இந்தியா இல்லை. எனினும் உறுப்பு நாடுகள் தத்தம் நிலையங்களுக்கு மட்டும் வேறு நாட்டவரையும் சேர்க்கவும் நீக்கவும் உரிமை பெற்றுள்ளன. ஆகவே இந்தியரின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுவதுடன் காலத்துக்குக் காலமும் மாறுகிறது. சென்ற ஆண்டு சென்றவர் சொன்னது இவ்வாண்டு பொருந்தாமற் போகலாம்.

இவையனைத்தும் ஒரே சீட்டில் பயணம் செய்வோருக்கானவை. இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே சீட்டு வாங்கியவரின் பெட்டி முதல் நிறுவனத்தோடு நின்றுவிடும். அதை எடுத்து மறுபடி ஒப்படைக்கப் பெரும்பாலும் எல்லையைக் கடந்து வெளியே வந்தாக வேண்டும். அதற்கு விசா வேண்டும். ஹீத்ரோவில் இறங்கிக் காட்விக்கில் ஏறுவதும் அவ்வாறே. ஊர் ஒன்றாக இருப்பதால் நிலையமும் ஒன்றென்று எண்ணலாகாது.

முகப்பு மேசையில் அமர்ந்த அதிகாரி

ஒரு நாட்டின் நுழைவு விதியை வேறொரு நாட்டின் விமான நிலையத்தில், அரசு ஊழியர் அல்லாத ஒருவர் ஏன் நிறைவேற்றுகிறார்? விடை தண்டத்தொகையில் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் நிறுவனத்துக்கு அரசுகள் தண்டம் விதிக்கின்றன. திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பும் அந்நிறுவனத்தையே சேரும். பிரிட்டன் 1987-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிப் பயணி ஒருவருக்கு 1,000 பவுண்டு என்று தண்டம் விதித்தது. பின்னர் அது இரட்டிப்பாயிற்று. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர் பலர் அடைக்கலம் கோரி ஹீத்ரோவில் இறங்கியிருந்த வேளையில் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. அகதியைத் தடுக்க எழுப்பிய வேலி இன்று மாணவனின் வழியிலும் நிற்கிறது எனலாம்.

இந்தியாவும் 2000-ஆம் ஆண்டில் இத்தகைய சட்டம் இயற்றி, பயணி ஒருவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அதனையும், 1920, 1939, 1946 ஆகிய ஆண்டுகளின் பழைய சட்டங்களையும் நீக்கி, நிறுவனங்களின் பொறுப்பைத் தன்னுள் சேர்த்துக்கொண்டுள்ளது.

தண்டத்துக்கு அஞ்சும் நிறுவனம் ஐயம் எழுந்தால் பயணியை ஏற்றாது. மேசையில் உள்ள ஊழியர் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் டிமாடிக் என்னும் தகவல் தொகுப்பைப் பார்த்தே முடிவு செய்கிறார். அத்தொகுப்பு சொல்வதற்கு மேல் அவரிடம் வாதாடிப் பயனில்லை. அங்கே மேல்முறையீடும் கிடையாது. ஆகவே பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே, சீட்டில் உள்ள எல்லா நிலையங்களின் பெயரையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் விடை பெற்று வைத்துக்கொள்வது நல்லது. வழியில் உள்ள நாட்டின் தூதரகத் தளத்தையும் பார்க்க வேண்டும். சீட்டு விற்ற முகவரின் வாய்ச்சொல் இவ்விரண்டுக்கும் ஈடாகாது.

நம் நாட்டுக்கு வருவோர்

பிறநாட்டு விதிகளைப் பற்றிக் குறைகூறும் நாம், நம்மிடம் படிக்க வருவோருக்கு என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2021–22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 170 நாடுகளைச் சேர்ந்த 46,878 மாணவர்கள் இங்குப் பயின்றனர். அவர்களில் நேபாளத்தினரே மிகுதி. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பலர் வருகின்றனர்.

நைரோபியிலிருந்து மும்பை வழியாகக் கோயம்புத்தூர் வரும் மாணவருக்கு மும்பையே முதல் நுழைவிடம். குடியேற்ற முத்திரையும் சுங்கச் சோதனையும் அங்கேயே. 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருவோர் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த 14 நாட்களின் கணக்கு மும்பை முத்திரையிலிருந்து தொடங்குகிறதேயன்றிக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தன்று. மும்பையில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கி வருபவருக்கு மீதி ஒரு வாரமே. 2018 முதல் கணினி வழியே பதிவு செய்யும் வசதி உள்ளது. தங்க இடம் தருவோர், விடுதியாயினும் வீடாயினும், 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதைக் கல்லூரி விடுதிக் காப்பாளர் பலர் அறிந்திருப்பதில்லை. 2025-இல் மாணவருக்கென மின்னணு விசா அறிமுகமாயிற்று. அதனுடன் வருவோர் இதற்கென அறிவிக்கப்பட்ட நுழைவிடங்கள் வழியாக மட்டுமே வர இயலும். ஆகவே சீட்டு வாங்குவதற்கு முன் முதல் இந்திய நிலையம் அப்பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேபாள மாணவரின் நிலை வேறு. அவருக்கு இந்தியாவுக்கு வர விசா தேவையில்லை. ஆனால் அவர் சீனாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்தால் இச்சலுகை பொருந்தாது. ஆளும் பாஸ்போர்ட்டும் மாறாமலே, வந்த வழி மட்டும் மாறியதால் விதி மாறிவிடுகிறது.

இந்தியாவை வழியாகக் கொண்டு வேறு நாட்டுக்குச் செல்லும் மாணவரும் உளர். ஒரே நிலையத்தின் டிரான்சிட் பகுதிக்குள் இருந்து, உறுதி செய்யப்பட்ட சீட்டுடன் 24 மணி நேரத்துக்குள் வெளிநாடு செல்வோருக்கு நாம் விசா கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து, தில்லி சென்று, அங்கிருந்து ஐரோப்பா செல்லும் மாணவரின் நிலை அவ்வாறன்று. சென்னை–தில்லிப் பயணம் உள்நாட்டுப் பயணம். ஆகவே சென்னையில் அவர் எல்லையைக் கடக்கிறார். இந்திய விசா இன்றி இது இயலாது. தாக்காவிலிருந்து கொல்கத்தா, தில்லி வழியாகச் செல்பவருக்கும் இதுவே. பிராங்பர்ட்டிலும் லிஸ்பனிலும் நம் மாணவர் எதிர்கொள்ளும் அதே பொறியை நாமும் வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வாயிலைக் காக்கும் உரிமை உண்டு; 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தமும் பயணிகளின் நுழைவு அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதே என்கிறது. ஆனால் விதியை வகுப்பதில் உள்ள முனைப்பு அதை அறிவிப்பதில் இல்லை. சேர்க்கைக் கடிதம் அனுப்பும் இந்தியப் பல்கலைக்கழகம், எந்நிலையத்தில் முத்திரை விழும், எந்நாளிலிருந்து பதிவுக் கணக்கு ஓடும் என்று அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை அதனுடன் இணைப்பதில் செலவு ஒன்றுமில்லை. வெளிநாடு செல்வோருக்குக் கடன் வழங்கும் வங்கிகள் ஈடு, வருமானம், கல்லூரியின் தரம் ஆகியவற்றைத் துருவி ஆராய்கின்றன; பயண வழியை எவரும் கேட்பதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையத்தளம் 2015 முதல் வெளிநாட்டில் உள்ள இந்தியரின் குறைகளைப் பெற்று வருகிறது. மாணவர் தம் விவரங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கவும் அதில் வழி உண்டு. புறப்படும் முன் அதில் பதிவு செய்வோர் இன்னும் பெருக வேண்டும்.

கடைசியாக, திரும்பும் பயணம். முதற்பயணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துச் செய்தவர்கூட விடுமுறைக்கு ஊர் வரும்போது கவனம் தளர்ந்து விடுகிறார். அமெரிக்காவில் படிப்பவரின் விசா காலாவதியான பின்னும் அவர் அங்குத் தங்கிப் படிக்கலாம். தங்கும் உரிமை வேறு, விசா வேறு. ஆனால் வெளியே வந்தால் மீண்டும் நுழையப் புதிய விசா வேண்டும். ஐ-20 படிவத்தில் கல்லூரி அலுவலரின் பயணக் கையொப்பமும் ஓராண்டுக்குள் இடப்பட்டதாக இருத்தல் வேண்டும். வழியில் உள்ள நாட்டின் விலக்கும் பெரும்பாலும் அந்த அமெரிக்க விசாவை நம்பியே நிற்பது. அது காலாவதியான பின் திரும்பும் பயணிக்குச் சில நாடுகள் விலக்கைத் தொடர்கின்றன. சில நாடுகள் மறுக்கின்றன. போகும்போது விசா இன்றிக் கடந்த அதே நிலையம், வரும்போது விசா கேட்கலாம். திரும்பும் சீட்டை வாங்குவதற்கு முன் பாஸ்போர்ட்டைத் திறந்து விசாவின் முடிவு நாளைப் பார்த்துவிட்டு, பிறகு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.